படிகத்தின் முகங்கள்

குரும்பகரத்துச் சாலையில் பழைய டீசல் பஸ் ஒன்று புறப்படுகையில் எழும் கரும்புகையை நாம் அறிவோம். முற்றும் எரியாத எண்ணெயின் ஆவியும் கரியும் அதில் உண்டு. அவற்றைப் பிராணவாயுவோடு சேர்த்துவிட்டால் கரியமில வாயுவும் நீராவியுமே மிஞ்சும். காற்றில் பிராணவாயுவுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் புகைக்குழாயின் சூட்டில் இரண்டும் தாமாக எளிதில் கூடுவதில்லை. நடுவே ஒரு தரகர் வேண்டும். அவரையே வினையூக்கி என்கிறோம்.

அத்தகைய தரகருள் ஒருவர் சீரியம் ஆக்ஸைடு. நமக்கு அவர் அயலாரல்லர். கன்னியாகுமரிப் பகுதியின் மணவாளக்குறிச்சிக் கடல் மணலில், 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்த மோனசைட்டில் சீரியம் அடங்கியிருக்கிறது.

இத்தரகரின் தொழில்முறை விந்தையானது. நாப்தலீன் (நம் வீட்டு அந்துருண்டைதான்) முதலியவை வனேடியம் ஆக்ஸைடின்மீது பிராணவாயுவோடு கூடுவதை மார்ஸ், வான் கிரெவலன் என்ற டச்சு அறிஞர்கள் ஆராய்ந்து, 1954இல் விளக்கம் தந்தனர். ஆக்ஸைடு முதலில் தன் உடலிலுள்ள பிராணவாயுவையே ஈந்துவிடுகிறது. பிறகு அக்குறையைக் காற்றிலிருந்து நிரப்பிக்கொள்கிறது.

அப்படியானால், அந்தப் பிராணவாயுவை அது எவ்வளவு இறுகப் பற்றியிருக்கிறது என்பதே கேள்வி. வைக்கோற்போரை எண்ணிப் பாருங்கள். மிதித்து அமுக்கிய உச்சியில் ஒரு பிடி உருவுவது கடினம். பக்கத்திலோ எளிதில் வரும். வைக்கோல் ஒன்றே, முகம்தான் வேறு. படிகமும் அவ்வாறே. சீரியம் ஆக்ஸைடின் எண்முகத் துகள்களில் அணுக்கள் நெருங்கிய முகங்களே வெளியே தெரிகின்றன. கோல் வடிவத் துகள்களில் தளர்ந்த முகங்கள். ஆகவே பல சோதனைகளில் கோல்களே குறைந்த சூட்டில் வேலையைத் தொடங்குகின்றன. சீரிய உப்பையும் கடுங்காரத்தையும் மூடிய கலத்தில் 100 டிகிரியில் காய்ச்சினால் கோல்கள் விளைகின்றன. 180 டிகிரியில் கனசதுரங்கள். விலையுயர்ந்த பிளாட்டினத்தை மேலும் மேலும் சேர்ப்பதைவிட, இவ்வாறு முகத்தைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனமான வழி என்பது என் எண்ணம்.

ஆனால் வள்ளன்மை எங்கும் நன்றன்று. அந்துருண்டையிலிருந்து சாயத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் வேண்டிய தாலிக் அன்ஹைட்ரைடைப் பெற விரும்புவோர், மிகையாக ஈயும் முகத்தைத் தேடினால் சரக்கு முழுவதும் கரியமில வாயுவாகிவிடும்.

புகைக்குழாயில் மற்றோர் இடர், கடுஞ்சூடு. நெடுநாள் வெந்த கோல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருக்குலைகின்றன. சிர்க்கோனியம் கலந்தால் சூட்டைத் தாங்கும் வலிமை கூடுகிறது. அதைத் தரும் சிர்க்கான் கனிமமும் அதே மணவாளக்குறிச்சி மணலில்தான் கிடைக்கிறது.