சிவிங்கிக் குட்டிகளின் பள்ளிக்கூடம்

உங்கள் தெருவில் பூனைக்குட்டிகள் விளையாடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்று சுவரோரம் பதுங்கும். திடீரென்று மற்றொன்றின் மேல் பாயும். இரண்டும் கட்டிப் புரளும். அதே குடும்பத்தைச் சேர்ந்த சிவிங்கிப்புலியின் குட்டிகளும் இப்படித்தான் விளையாடுகின்றன.

சிவிங்கியைச் சிறுத்தை என்று எண்ணிவிடாதீர்கள். சிறுத்தையின் உடலில் வளையம் வளையமான புள்ளிகள் இருக்கும். சிவிங்கிக்கு இருப்பவை நிறைந்த கரும்புள்ளிகள். கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்தாற்போல் ஒரு கறுப்புக் கோடும் இறங்கும். சிவிங்கி கர்ஜிக்காது, குட்டிகளைப் பறவைபோலக் கீச்சிட்டு அழைக்கும்.

சிவிங்கிக் குட்டி, ஓடும் தோழனைத் துரத்தி, முன்னங்காலால் அதன் பின்புறத்தைத் தட்டிவிடும். ஓடியது தடுமாறி விழும். வளர்ந்த சிவிங்கி மானை வீழ்த்துவதும் இதே தட்டலால்தான்! புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் நீளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் சிவிங்கி, அந்தச் சாலையில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்திலேயே களைத்துவிடும். அதற்குள் இரையைத் தட்டி வீழ்த்தவேண்டும். அதற்குத்தான் இத்தனை பயிற்சி.

தாயும் பாடம் சொல்லித் தரும். மான்குட்டியை உயிரோடு கொண்டுவந்து குட்டிகளின் முன் விடும். அவை துரத்திப் பழகும். இந்தப் படிப்பு முடிய ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆகும்.

இந்தப் படிப்பே சிவிங்கிக்கு ஆபத்தாகவும் முடிந்தது. முன்பு நம் நாட்டு மன்னர்கள் சிவிங்கியைப் பழக்கி மான் வேட்டையாடினார்கள். தாயிடம் கற்காத குட்டி வேட்டைக்கு உதவாது என்பதால், வளர்ந்த சிவிங்கிகளையே காட்டில் பிடித்தார்கள். அக்பர் ஆயிரம் சிவிங்கிகளைச் சேர்த்தார் என்று அவர் மகன் ஜகாங்கீர் எழுதியிருக்கிறார். ஆனால் அடைபட்ட சிவிங்கிகள் குட்டி போடவில்லை. ஒரே ஒரு முறை மூன்று குட்டிகள் பிறந்ததை ஜகாங்கீர் அதிசயமாகக் குறித்திருக்கிறார். எனவே, இறந்தவற்றுக்கு ஈடாக மீண்டும் மீண்டும் காட்டிலிருந்தே பிடித்தார்கள். இதனிடையே புல்வெளிகள் வயல்களாயின, துப்பாக்கியும் வந்தது. 1947இல் கொரியா சமஸ்தானத்தில் மூன்று சிவிங்கிகள் சுடப்பட்டன. 1952இல், சிவிங்கி இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக அரசு அறிவித்தது.

2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்தன. அடுத்த மார்ச்சில் அங்கே நான்கு குட்டிகள் பிறந்தன. மே மாதக் கடும் வெயிலில் மூன்று இறந்தன. எஞ்சிய பெண்குட்டி முகி, மனிதர் கவனிப்பில், கூட விளையாட உடன்பிறப்பு இல்லாமல் வளர்ந்தது. 2025 நவம்பரில் முகி ஐந்து குட்டிகளை ஈன்றது. அவற்றுக்குப் பிறக்கும்போதே விளையாட்டுத் தோழர்கள் இருந்தனர்!

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். பூனைக்குட்டிகளைப் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். பதுங்குதல், துரத்துதல், தட்டுதல் ஆகியவற்றில் எது எத்தனை முறை நடக்கிறது? நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். குட்டிகள் வளர வளர எது கூடுகிறது, எது குறைகிறது என்பது தெரியவரும்.