தரையிலிருந்து புகை வந்த ஊர்!

"இதோ, ஊர் வந்துவிட்டது!" என்கிறார்கள். நீங்களும் ஆவலோடு எட்டிப் பார்க்கிறீர்கள். வீடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தரையிலிருந்து ஆங்காங்கே புகை மட்டும் வருகிறது. உங்களுக்கு எப்படி இருக்கும்?

1878ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள நிக்கோடீமஸ் என்ற ஊருக்குக் குடியேற வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணிக்கு இப்படித்தான் நேர்ந்தது. பாவம், அவர் அழுதேவிட்டார்!

அது என்ன ஊர், குழந்தைகளே?

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பல தலைமுறைகளாக அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தார்கள். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை கிடைத்தது, ஆனால் சொந்த நிலம் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் மற்றவர் வயல்களில் கூலிக்கும் குத்தகைக்கும்தான் உழைத்தார்கள்.

1877இல் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் பாதிரியாரும், டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையரும் சேர்ந்து கான்சாஸில் ஒரு புது ஊரை அமைக்கத் திட்டமிட்டார்கள். கென்டக்கி மாநிலத்தில் நோட்டீஸ் போட்டு ஆள் சேர்த்தார்கள். சொந்த நிலம் என்றால் சும்மாவா? அந்த ஆண்டு செப்டம்பரில் சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள்.

வந்து பார்த்தால் எங்கும் புல்வெளி! மரங்கள் மிகக் குறைவு. மரமில்லாமல் வீடு கட்டுவது எப்படி? மண்ணைக் குடைந்து உள்ளே குடியிருந்தார்கள். ஹிக்மன் பார்த்தது அந்த வீடுகளின் அடுப்புப் புகையைத்தான். மனமுடைந்த சிலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் தங்கிவிட்டார்கள்.

முதல் குளிர்காலத்தில் உணவுக்குத் திண்டாட்டம். அப்போது வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் என்ற பழங்குடியினர் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்தார்கள். நிலத்தை உழக் குதிரைகளும் போதவில்லை. பலர் மண்வெட்டியால் கொத்தியே பயிர் செய்தார்கள். அந்தக் கஷ்டத்திலும் பிள்ளைகளின் படிப்பை அவர்கள் மறக்கவில்லை. ஜென்னி பிளெட்சர் என்ற பெண்மணி தம் வீட்டிலேயே பாடம் நடத்தினார்.

பத்தே ஆண்டுகளில் கடைகள், ஓட்டல், தேவாலயங்கள், பள்ளி எல்லாம் வந்துவிட்டன. 1887இல் அந்தச் சின்ன ஊரில் இரண்டு செய்தித்தாள்கள் வெளிவந்தன!

ரயிலும் வந்துவிட்டால் ஊர் இன்னும் வளரும் என்று எல்லாரும் நம்பினார்கள். ஆனால் 1888இல் ரயில் பாதை ஊருக்குள் வராமல், ஆற்றுக்குத் தெற்கே சில மைல் தள்ளிப் போனது. வியாபாரிகள் பலர் கடையைக் கட்டிக்கொண்டு, ரயில் வரும் போக் என்ற இடத்துக்குப் போய்விட்டார்கள். நிக்கோடீமஸின் வளர்ச்சி நின்றுபோனது.

ஆனாலும் ஊர் அழியவில்லை. நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். 1996இல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. இன்று அங்கே வசிப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை கடைசியில், முதலில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் பல ஊர்களிலிருந்து வந்து கூடி விழா எடுக்கிறார்கள்.

ரயில் வராத ஊர்தான். ஆனால் உறவுகள் வருகிறார்கள், பார்த்தீர்களா!