தொப்பி கழற்றாத மனிதர்கள்

அவசரமாக வரும் பிரயாணி, சீட்டைப் பெற்றுக்கொண்டு, மீதிச் சில்லறையை மறந்து ஓடிவிடுகிறார். அவரைக் கூவி அழைத்துக் கொடுத்தால், பக்கத்து நாற்காலிக்காரர் "அரிச்சந்திரன் மறுபிறவி எடுத்துவிட்டார்" என்று நகைக்கிறார். நம் மொழி பேசுவோர் நால்வரே உள்ள அலுவலகத்தில் அந்த நகைப்பு உறைக்கத்தான் செய்கிறது. தீயவன் என்று ஏசினால் மறுத்துரைக்கலாம்; நல்லவன் என்று ஏசினால் என்ன மறுமொழி கூறுவது?

நம் ரயில்வேயில் நெடுங்காலம் வழங்கிய அட்டைச் சீட்டுக்கும் இத்தகைய ஏளனத்துக்கும் உறவு உண்டு என்று அறிந்தபோது வியந்தோம்.

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவர் கிறிஸ்துவின் போதனையைச் சொல்லுக்குச் சொல் வாழ்ந்து காட்ட முற்பட்டார். இறைவன் வார்த்தைக்கு நடுங்குங்கள் என்று அவர் கூறக் கேட்ட நீதிபதி ஒருவர், 1650-ல், அவர் கூட்டத்தாரை 'நடுங்கிகள்' என்று எள்ளினார். 'குவேக்கர்' என்பதன் பொருள் அதுவே. தம்மை 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொண்ட அவர்களுக்கு அந்த வசைப்பெயரே நிலைத்துவிட்டது.

அவர்கள் எவருக்கும் தொப்பி கழற்றவில்லை. அரசனாயினும் ஆண்டியாயினும் ஒருமையிலேயே விளித்தனர். நம் வீட்டுப் பெரியவரை 'நீ' என்றால் என்ன நேருமோ, அது அங்கும் நேர்ந்தது! 1670-ல் வில்லியம் பென் என்பவரை லண்டன் நீதிமன்றத்தில் நிறுத்தியபோது, முன்பே கழற்றப்பட்டிருந்த தொப்பியைத் தலையில் வைக்கச் செய்து, பிறகு அதனைக் கழற்றவில்லை என்று அபராதம் விதித்தார்கள். ஏளனம் அதிகாரமும் பெற்றுவிட்டால் இவ்வாறுதான் விளையாடும்.

ஆணையிடவே வேண்டாம் என்பது மலைப்பிரசங்கத்தின் கட்டளை. ஆகவே அவர்கள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுத்தனர். ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்று 1696-ல் சட்டம் இடந்தந்தது. நம் நாட்டிலும் பதவியேற்போர் கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம் என்று அரசியலமைப்பு வழிவகுத்திருப்பதை நேயர்கள் அறிவர்.

பல்கலைக்கழகமும் அரசாங்கப் பதவியும் அடைக்கப்பட்டமையால் பலர் வாணிகத்தில் இறங்கினர். அக்காலக் கடைகளில் பேரம் பேசுவதே வழக்கம். இவர்களோ ஒரே விலை கூறினர். கூட்டிச் சொல்லிப் பின்பு குறைத்தால், முதலில் கூறியது பொய்யாகிவிடுமன்றோ? வணங்காத வியாபாரியிடம் தொடக்கத்தில் எவரும் அணுகவில்லை. நாளடைவில், சிறு குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்று ஊரார் கண்டுகொண்டனர். நம் குழந்தைகள் விரும்பும் காட்பரி மிட்டாயும் 1824-ல் குவேக்கர் ஒருவர் திறந்த கடையிலிருந்து பிறந்ததே. ஆயினும் செல்வம் வந்ததைக் கொண்டு அவர்களை மெச்சுவதற்கு நம் மனம் ஒப்பவில்லை. சிறையில் மாண்டவர்கள் மிட்டாய்க் கடையைக் கனவு கண்டிருப்பார்களா?

1825-ல் திறக்கப்பட்ட ஸ்டாக்டன்-டார்லிங்டன் ரயில் பாதையையும் 'குவேக்கர் பாதை' என்பர். அதனை முன்னின்று நடத்திய எட்வர்ட் பீஸ் அம்மரபினர். நம் உள்ளத்தைக் கவர்ந்தவர் மற்றொருவர்: தாமஸ் எட்மண்ட்சன். மரச்சாமான் தொழிலில் நொடித்துப்போன குவேக்கர் இவர். 1836-ல் மில்டன் என்னும் சிற்றூரில் நிலைய அதிகாரியானார். அந்நாளில் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். எத்தனை விற்றன என்பதற்குக் கணக்கில்லை. அவரோ சிறு அட்டைகளில் தொடர் எண்களை முன்னதாகவே அச்சிட்டு, தேதி பதிக்கும் கருவியும் அமைத்தார். மாலையில் கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் விற்றது தெரிந்துவிடும். பெட்டியிலுள்ள பணம் அதற்கு ஒத்திருக்க வேண்டும். குமாஸ்தாவின் யோக்கியதையைப் பிரசங்கத்துக்கு விடாமல் கழித்தல் கணக்குக்கு விட்டார்!

ரயில்வே நிறுவனங்கள் மைல் ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் வீதம் அவருக்கு உரிமைத்தொகை செலுத்தின. கையில் பணம் சேர்ந்ததும், நொடித்துப்போன காலத்தில் தமக்குக் கடன் கொடுத்திருந்தவர்களுக்கெல்லாம் அவர் முழுத்தொகையையும் திருப்பிக் கொடுத்தார்.

கணினிச் சீட்டு வந்து அட்டைச் சீட்டு மறைந்துவிட்டது. தேதி பதிக்கும் பழைய கருவி ஒன்று நம் அலுவலகப் பின்னறையில் துருவேறிக் கிடக்கிறது. சென்ற வாரம் அதனைத் துடைத்து மேசைமேல் வைத்தோம். பக்கத்து நாற்காலிக்காரர் அதற்கும் நகைத்தார். பிறகு, அது எவ்வாறு இயங்கும் என்று கேட்டார்.