மிதிவண்டிப் பொருத்தம்

மிதிவண்டிப் பொருத்தம் என்பது ஒருவரது உடல் அளவு, மூட்டுகளின் நெகிழ்வு, ஓட்டும் நோக்கம் ஆகியவற்றுக்கு ஏற்ப மிதிவண்டியின் இருக்கை, கைப்பிடி, பெடல் ஆகியவற்றின் நிலைகளைச் சீரமைக்கும் முறையாகும். பைக் ஃபிட்டிங் என்ற ஆங்கிலப் பெயராலும் இது பரவலாக அறியப்படுகிறது. பந்தய வீரர்களின் தேவையை ஒட்டி வளர்ந்த இம்முறை, வலியின்றி நெடுந்தொலைவு ஓட்ட விரும்பும் பிறராலும் இன்று நாடப்படுகிறது.

தேவை

நடப்பவர் களைப்பையும் தரையின் தன்மையையும் பொறுத்துத் தமது அடியின் நீளத்தை மாற்றிக்கொள்ள இயலும். மிதிவண்டி ஓட்டுபவருக்கு அவ்வசதி இல்லை. கிராங்கின் நீளமும் இருக்கையின் உயரமும் மாறாதவை ஆதலால் பாதம் ஒரே வட்டத்தில் சுழல்கிறது. நிமிடத்துக்கு 85 சுற்று வீதம் மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 5,100 முறை மடங்கி நீள்கிறது. அரைமணி நேர ஓட்டத்தில் உணரப்படாத சிறு பிழை, நாள் முழுவதும் ஓட்டும்போது காயமாக மாறுவது இதனாலேயே ஆகும்.

இருக்கையின் உயரம்

இருக்கை மிகத் தாழ்வாக இருந்தால் முழங்கால் அளவுக்கு மேல் மடங்கி, அதன் முன்பக்கத்தில் வலி தோன்றுகிறது. மிக உயரமாக இருந்தால் முழங்காலின் பின்பக்கம் வலிக்கும். பெடலை எட்டுவதற்காக இடுப்பு இருபுறமும் ஆடும். இவை பொதுவான போக்குகளே. வலிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம்.

சரியான உயரத்தைக் கண்டறியப் பல சூத்திரங்கள் வழக்கில் உள்ளன. தரையிலிருந்து கவட்டை வரையிலான உட்கால் நீளமே அவற்றின் அடிப்படை. ஹேம்லி, தாமஸ் ஆகியோர் 1967-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கீழ்நிலையில் உள்ள பெடலின் அச்சிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரையிலான தொலைவு உட்கால் நீளத்தில் 109 விழுக்காடு இருக்க வேண்டும். பிரெஞ்சுப் பயிற்றுநர் சிரில் கிமார், அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் ஆகியோருடன் தொடர்புபடுத்தப்படும் மற்றொரு முறையில், உட்கால் நீளத்தை 0.883 ஆல் பெருக்கிக் கிடைப்பது கிராங்கு சுழலும் அச்சின் நடுவிலிருந்து இருக்கை வரையிலான உயரமாகக் கொள்ளப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, உட்கால் நீளம் 80 செ.மீ. உள்ளவருக்கு முதல் முறை 87.2 செ.மீ. தருகிறது. இரண்டாம் முறை தரும் 70.6 செ.மீ. உடன் 17 செ.மீ. கிராங்கைச் சேர்த்தால் 87.6 செ.மீ. ஆகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் உட்கால் நீளம் 90 செ.மீ. எனில், 17.5 செ.மீ. கிராங்குடன் கூட இவ்விரண்டுக்கும் இடையே 1 செ.மீ.க்கு மேல் வேறுபாடு வருகிறது. பாதத்தின் நீளம், காலணியின் தடிமன், மிதிக்கும்போது குதிகால் தாழும் அளவு ஆகியவற்றை இவ்விரு சூத்திரங்களும் கணக்கில் கொள்வதில்லை. மேலும் 1967 ஆய்வு அளந்தது குறுகிய நேரத்தில் வெளிப்படும் ஆற்றலையே. ஐந்து மணி நேரம் அமர்ந்திருப்பவரின் வசதியை அன்று.

எனவே தொழில்முறைப் பொருத்துநர்கள் பலர், முழங்காலின் கோணத்தையே நேரடியாக அளக்கின்றனர். பெடல் கீழ்நிலையில் இருக்கும்போது முழங்கால் நேர்க்கோட்டிலிருந்து 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும் என 1994-இல் ஹோம்சும் அவரது உடனாய்வாளர்களும் பரிந்துரைத்தனர். உட்கால் சூத்திரப்படி அமைக்கப்பட்ட உயரம் பல வேளைகளில் இவ்வெல்லைக்குள் அமைவதில்லை எனப் பின்னர் வந்த ஒப்பீடுகள் காட்டின. சூத்திரம் ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே.

இருக்கையின் முன்பின் நிலைக்கும் ஒரு மரபு விதி உண்டு. பெடல் முன்னோக்கிக் கிடைமட்டமாக இருக்கும்போது, முழங்காலிலிருந்து தொங்கவிடப்படும் குண்டுநூல் பெடலின் அச்சைத் தொட வேண்டும் என்பதே அது. இதற்கு இயற்பியல் அடிப்படை இல்லை என்று மிதிவண்டி வடிவமைப்பாளர் கீத் போன்ட்ரேகர் எழுதினார். சாய்ந்தமர்ந்து ஓட்டும் மிதிவண்டிகளில் முழங்கால் பெடலுக்கு மேலே வருவதே இல்லை. ஆயினும் அவற்றை ஓட்டுவோர் இடரின்றி மிதிக்கின்றனர்.

மரத்துப்போதல்

இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரு எலும்பு முனைகளே உடல் எடையைத் தாங்க வேண்டியவை. இருக்கை குறுகலாகவோ அதன் முனை மேல்நோக்கியோ இருந்தால், எடை அவற்றிலிருந்து நகர்ந்து கவட்டைப் பகுதியிலுள்ள நரம்புகளையும் குருதிக் குழாய்களையும் அழுத்துகிறது. இதனால் உண்டாகும் மரத்துப்போதலைப் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே ஓட்டுநர்கள் நெடுங்காலம் கருதிவந்தனர். அது தவறான கருத்தாகும். அமெரிக்காவில் மிதிவண்டியில் சுற்றுக்காவல் செய்யும் 90 காவலர்கள் ஆறு மாதங்கள் முனையற்ற இருக்கைகளைப் பயன்படுத்திய ஆய்வின் முடிவுகள் 2008-இல் வெளியாயின. ஓட்டும்போது இத்தகைய மரப்பு ஏற்படவில்லை எனக் கூறியோர் அதற்கு முன் 27 விழுக்காடாக இருந்தனர். ஆய்வின் முடிவில் 82 விழுக்காடாக உயர்ந்தனர்.

மெத்தென்ற இருக்கை எப்போதும் நல்லது என்பதும் பரவலான தவறான எண்ணமே. எலும்பு முனைகள் மென்பொருளில் புதையும்போது, நடுப்பகுதி மேலெழுந்து அழுத்தக்கூடும். உரிய அகலமே முதன்மையானது.

கைப்பிடி மிகத் தொலைவாகவோ தாழ்வாகவோ இருந்தால் கழுத்தும் கீழ்முதுகும் நோகும். கைகளில் சாயும் எடை மிகும்போது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாகச் செல்லும் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போகலாம்.

தொழில்முறைப் பொருத்தம்

பொருத்துநர் முதலில் ஓட்டுநரின் பழைய காயங்கள், வாரந்தோறும் ஓட்டும் தொலைவு, வலியுள்ள இடம் ஆகியவற்றைக் கேட்டறிகிறார். பின்னர் தொடைப் பின்தசை, இடுப்பு ஆகியவற்றின் நெகிழ்வையும் இரு கால்களின் நீள வேறுபாட்டையும் சோதிக்கிறார். அதன்பின் மிதிவண்டி நிலைத்தாங்கியில் பொருத்தப்பட்டு, ஓட்டுநர் மிதித்துக்கொண்டிருக்கும்போதே மூட்டுக் கோணங்கள் அளக்கப்படுகின்றன. இதற்குக் கோணமானியும் நிகழ்படக்கருவியும் போதும். கொலராடோவின் போல்டர் நகரில் 2007-இல் நிறுவப்பட்டு, 2012-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தால் வாங்கப்பட்ட ரெட்டூல், மணிக்கட்டு முதல் கால்விரல் வரை எட்டு இடங்களில் ஒட்டப்படும் அகச்சிவப்பு ஒளிர்வான்கள் வழியாக அசைவை முப்பரிமாணத்தில் பதிவு செய்யும் முறையை உருவாக்கியது. கருவி அளப்பதைக் கொண்டு முடிவெடுப்பவர் பொருத்துநரே. விலையுயர்ந்த கருவியைவிட அவரது உடற்கூற்றறிவு முக்கியமானது.

சட்டகத்தின் அளவு முற்றிலும் தவறாக இருந்தால் பொருத்துநரால் செய்யக்கூடியது சிறிதே. இருக்கைத் தண்டும், கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம்மும் ஓரளவே ஈடுசெய்யும். எனவே மிதிவண்டி வாங்குவதற்கு முன்பே அளவெடுத்துக்கொள்வது சிக்கனமானது.

மாறும் உடல்

ஒருமுறை செய்த பொருத்தம் என்றென்றும் நிலைப்பதில்லை. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1969-இல் பிரான்சின் புளுவா நகர ஓடுதளத்தில் விபத்துக்குள்ளானார்; அவருக்கு முன் வேகவண்டியைச் செலுத்திய பெர்னான் வாம்ஸ்ட் அதில் உயிரிழந்தார். மெர்க்சின் இடுப்பும் முதுகும் பாதிக்கப்பட்டன. அதன்பின் அவர் இருக்கையின் உயரத்தை ஓயாமல், பந்தயத்தின் நடுவில்கூட, மாற்றிக்கொண்டே இருந்தார். உடல் மாறிய பின் பழைய அளவுகள் அவருக்கு உதவவில்லை.

முதுமை, உடல் எடை மாற்றம், காயம் ஆகியவற்றுக்குப் பின் மீண்டும் பொருத்திக்கொள்வது வழக்கம். இருக்கையின் உயரத்தைப் பெரிதாக மாற்ற நேர்ந்தால், ஒரே நாளில் அல்லாமல் சில மில்லிமீட்டர்களாக மாற்றினால் தசைகள் பழக நேரம் கிடைக்கும். மாற்றிய பின்னும் மரப்போ வலியோ தொடருமானால் மருத்துவரை அணுக வேண்டும். இறுதி அளவுகளை எழுதி வைப்பதும், இருக்கைத் தண்டில் நாடாவால் அடையாளமிடுவதும் நல்லது. பயணத்துக்காக மிதிவண்டியைக் கழற்றி மாட்டும்போது இருக்கையைப் பழைய உயரத்திலேயே அமைக்க இவை உதவுகின்றன.