நீராவி எஞ்சினும் இணைய வகுப்பும்

வகுப்பறையில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு மாணவர்களின் முகமே ஒரு மானி. புரியவில்லை என்றால் புருவம் சுருங்கும். உடனே ஆசிரியர் வேறு விதமாக விளக்குவார். இணையவழிப் படிப்பில் இந்த வசதி பெரும்பாலும் இல்லை. 2017-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' போன்ற தளங்களில் ஒரே பாடத்தை ஆயிரக்கணக்கானோர் அவரவர் இடத்திலிருந்தே கற்கின்றனர். தாம் எங்கே தவறினோம் என்பதை அவர்கள் எப்படி அறிவது? அவர்கள் எழுதும் விடைகளுக்கு ஆசிரியர் அனுப்பும் பின்னூட்டமே வழிகாட்ட வேண்டும்.

பின்னூட்டம் என்பது பொறியியலிலிருந்து கல்வித் துறைக்கு வந்த சொல். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினுக்கு 'கவர்னர்' என்னும் அமைப்பைப் பொருத்தினார். எஞ்சினின் வேகம் கூடினால், அதனுடன் சுழலும் இரு உலோகக் குண்டுகள் விலகி மேலெழும். அவற்றோடு இணைந்த நெம்புகோல் நீராவி வால்வைச் சற்று மூடும், வேகம் குறையும். வேகம் குறைந்து குண்டுகள் தாழ்ந்தால் வால்வு திறக்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வேகத்தைக் காட்டும் முள் மட்டும் இருந்தால் எஞ்சின் தானாகச் சீராகாது. திரும்பி வரும் செய்தி வால்வை அசைக்க வேண்டும்!

வெறும் மதிப்பெண் அந்த முள்ளைப் போன்றது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். "செங்குத்தாக மேலே எறிந்த கல் உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன?" என்று கேட்டால் பலர் "சுழி" என்று எழுதுவார்கள். "தவறு" என்று மட்டும் குறித்தால் காரணம் விளங்காது. "9.8 மீ/வி², கீழ்நோக்கி" என்று விடையைத் தந்தால் மாணவர் அதை மனப்பாடம் செய்துகொள்வார். மாறாக இப்படி எழுதலாம்: "உச்சியில் திசைவேகம் சுழி என்பது சரி. முடுக்கமும் சுழியானால் அடுத்த கணத்தில் கல் என்ன செய்யும்? சிந்தித்து மீண்டும் எழுதுங்கள்." அப்படியானால் கல் அந்தரத்திலேயே நின்றுவிடும் அல்லவா? மாணவர் தம் பிழையைத் தாமே காண்கிறார். வால்வு அசைந்துவிட்டது!

1988-இல் ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களை மூன்று பிரிவாக்கிச் சோதித்தார். ஒரு பிரிவுக்கு மதிப்பெண், ஒரு பிரிவுக்குக் குறிப்புரை, மற்றொன்றுக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினர். இரண்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை.

எல்லாப் பின்னூட்டமும் நன்மை செய்வதில்லை. குளூகர், டெனிசி ஆகிய இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் அது செயல்திறனைக் குறைத்தே விட்டது. கவனம் செய்யும் வேலையைவிட்டு 'நான்' என்பதன்மீது திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். ஆகவே "நீ மந்தம்" என்பதைப் போலவே "நீ மேதை" என்பதும் உதவாது. விடையைப் பற்றிப் பேச வேண்டும். ஆளைப் பற்றி அல்ல.

காலமும் முக்கியம். கவர்னர் தாமதமாக இயங்கினால் எஞ்சின் மாறி மாறி விரைந்தும் தளர்ந்தும் தடுமாறும். மாணவர் அடுத்த பாடத்துக்குப் போன பிறகு வரும் திருத்தமும் அப்படித்தான். ஆயிரம் பேருக்கு ஓர் ஆசிரியர் எப்படி எழுதுவது என்கிறீர்களா? பிழைகள் ஆயிரம் வகையல்ல. பெரும்பாலும் நான்கைந்து வகைதான். ஒவ்வொரு தவறான விடைக்கும் தனிக் குறிப்பை முன்கூட்டியே எழுதி வைத்தால், கணினி அதை அக்கணமே காட்டும்.

நீங்கள் மாணவரா? அடுத்த முறை மதிப்பெண்ணைப் பார்க்குமுன் குறிப்பைப் படியுங்கள். அந்தக் கணக்கை மீண்டும் ஒருமுறை போடுங்கள். வால்வு உங்கள் கையில்தான் இருக்கிறது.