தீப்பெட்டிக்குள்ளே இலக்கணம்!

"பூனை எலி கடிச்சுது."

ரெண்டாங்கிளாஸ் படிக்கிற வாண்டு வீட்டுப்பாட நோட்டில் இப்படி எழுதி நீட்டுகிறது. நீங்கள் அப்போதுதான் ஆபீஸ் விட்டு, பஸ்ஸில் கசங்கிய சட்டையோடு வந்து நிற்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?

"ஏலே, எது எதைக் கடிச்சுது? பத்து தரம் எழுது!"

எழுதும். பதினோராம் தரம் உங்களிடம் நோட்டையே காட்டாது.

அதட்டுவதற்கு முன்னால் அடுப்படிக்குப் போய் நாலு காலித் தீப்பெட்டி எடுத்து வாருங்கள் சார். கோவில்பட்டிச் சரக்காக இருந்தால் இன்னும் விசேஷம். காரணம் இருக்கிறது.

நமக்கு ஆபீஸ் என்றால் ஃபேன், ஃபைல், பதினோரு மணி டீ. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ். மழை பொய்த்து, கரிசக்காட்டில் பருத்தியும் கம்பும் காலை வாரிய வருஷங்களில் வயிற்றைக் கழுவ உதவியது அதுதான். 1980-களில்கூட விடியுமுன் கிராமத்துக்கு வரும் ஆபீஸ் பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு ஏறியவர்களில் எட்டு வயசு, பத்து வயசுப் பிள்ளைகள் உண்டு. மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவார்கள். வீட்டிலிருந்த பிள்ளைகள் பெட்டி ஒட்டின. விரலுக்கு வேகம் வந்தது, எழுத்து வரவில்லை. மரச்சட்டத்திலிருந்து பிள்ளைகளை மீட்க 1986-ல் வேறொரு சட்டம் வந்தது. அதை மீறி வேலைக்கு வைத்தால் பிள்ளை ஒன்றுக்கு முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில்தான்.

ஆக, அந்தப் பெட்டி பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கடன் பட்டிருக்கிறது. வசூல் பண்ணுவோம்.

மூன்று பெட்டிகளின் மேல் பேப்பர் ஒட்டி 'பூனை', 'எலி', 'ஆச்சி' என்று ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதுங்கள். உள்பெட்டியின் ஓரத்தில், இழுத்தால் மட்டும் தெரிகிற மாதிரி, 'யை' என்று எழுதுங்கள். நாலாவது பெட்டியின் மேல் 'கடித்'. அதன் உள்பெட்டியில் ஒரு முனையில் 'தது', மறுமுனையில் 'தாள்'. ஆச்சு, சாமான் தயார்!

இப்போது வரிசையாக வையுங்கள். பூனை, எலி, கடித்தது. யார் கடித்தது? தெரியவில்லை. வாண்டு எலிப் பெட்டியை இழுக்கட்டும்... எலியை! அப்பாடா, பூனை ஜெயித்தது. இனி இடத்தை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எலியைப் பூனை கடித்தது. அப்போதும் கடிபட்டது எலிதான். எலியை மூடிவிட்டுப் பூனையை இழுத்தால்? கதை தலைகீழ்!

இங்கிலீஷில் 'கேட்' முன்னால் நின்றால் பூனை கடிக்கும், 'ரேட்' முன்னால் நின்றால் எலி கடிக்கும். ரிசர்வேஷன் சீட் மாதிரி, இடம்தான் எல்லாம். தமிழ் அன்ரிசர்வ்டு பெட்டி. எங்கே உட்கார்ந்தாலும் கையில் டிக்கெட் இருந்தால் போதும். 'இரண்டாம் வேற்றுமை உருபு' என்று சொன்னால் தெருவுக்கு ஓடிவிடுகிற பிள்ளை, டிக்கெட் என்றால் பிடித்துக்கொள்ளும். (எலியைப் பூனை என்று நடுவில் 'ப்' வருமே என்று கேட்கும் தமிழய்யாக்கள் பொறுத்தருள்க. அதற்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறது.)

ஆச்சிப் பெட்டியை வெளியே எடுத்ததும்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். 'ஆச்சி பூனையைக் கடித்தது' என்று வாண்டு வைக்கும். "என்னல, ஆச்சி என்ன ஆடா மாடா?" என்று கேளுங்கள். தானாகவே மறுமுனையை இழுத்துத் 'தாள்' ஆக்கும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் கல்யாணம் ஆன விஷயம் அதற்குத் தெரியாது, சிரித்துக்கொண்டிருக்கும். ஆச்சி கோபித்துக்கொண்டால் நான் ஜவாபுதாரி அல்ல.

பெட்டி கிடைக்காத ராத்திரியில், கரண்ட் போன நேரத்தில், இன்னொன்று. நம் வாக்கியத்தில் வினைச்சொல் பொதுவாகக் கடைசியில்தான் வரும். அதுதான் வசதி. "நேத்து ராத்திரி... பருத்திக்காட்டு ஓரமா... ஒத்தையில ஒரு வெள்ளாட்டுக்குட்டி..." என்று இழுத்து நிறுத்துங்கள். முடிக்கிற சொல் பிள்ளையுடையது. 'அழுதுச்சு' என்றால் ஏன் என்று கேளுங்கள். "அம்மாவைக் காணும்னு அழுதுச்சு" என்று வாக்கியம் தானே நீளும். 'அழுதது' என்று அப்போதே திருத்தாதீர்கள்! எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

திருத்தித் திருத்தி வாயை மூட வைத்திருந்தால் இடைசெவல் கி.ராஜநாராயணன் நமக்குக் கிடைத்திருப்பாரா? கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். கேட்ட பேச்சும் கதையும் ஏராளம். அந்தப் பேச்சையே எழுத்தாக்கினார். 1982-ல் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே போட்டார். 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு சாகித்ய அகாதமி பரிசு. புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராகக் கூப்பிட்டு உட்காரவைத்தது.

தினம் கால் மணி நேரம் போதும். பிள்ளை கொட்டாவி விட்டால் கடையைக் கட்டிவிடுங்கள். பெட்டி நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

பெட்டியைக் காலி செய்யும் அவசரத்தில் குச்சிகளை மேஜையில் கொட்டிவைக்காதீர்கள். வேறு டப்பாவில் போட்டு, எட்டாத உயரத்தில் வையுங்கள். உரசுகிற பட்டையின் மேலும் பேப்பர் ஒட்டிவிடுங்கள். பசை காய்ச்ச வீட்டில் ஆச்சியைக் கேளுங்கள். கோவில்பட்டிப் பக்கத்து ஆச்சி என்றால் பதம் கைவசம் இருக்கும்.