நெடுவழியும் குறுநேரமும்

தூரம் மிகுந்தால் பயண நேரமும் மிகும் என்னும் கணக்கு ஆகாய மார்க்கத்திற்கு எப்பொழுதும் பொருந்துவதில்லை. டெல்லியிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோ சென்ற ஏர் இந்தியா விமானம் முன்னர் மேற்கு நோக்கி, அட்லாண்டிக் சமுத்திரத்தின் வழியே சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்தது. 2016 அக்டோபரில் அது கிழக்கு நோக்கி, பசிபிக் வழியே சுமார் 15,300 கிலோமீட்டரை ஏறக்குறைய 14½ மணியில் கடந்தது. வழி நீண்டும் நேரம் குறைந்தது.

இதற்குக் காரணம் காற்றேயாகும். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சப் பகுதிகளில், மேற்கிலிருந்து கிழக்காகக் கடுங்காற்று ஓடுகிறது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகமுள்ள விமானம், 100 கிலோமீட்டர் வேகமுள்ள எதிர்காற்றில் தரையளவில் 700 கிலோமீட்டரே முன்னேறும்; பின்காற்றில் 900 கிலோமீட்டர் செல்லும். ஆகவே, தூரத்தை வேகத்தால் வகுக்குமுன் காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டுமென மாணவர்க்கு உணர்த்துதல் நன்று.